அழுத்தம், தழும்பு, தாளம்: ஈரிதழ் வால்வு நோயில் வளர்ச்சிக் காரணிகளின் இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



இதய வால்வு பழுதுற்றவர்களுக்குக் காலப்போக்கில் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதும், அவர்களுடைய இரத்தத்தில் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் சில புரதங்கள் மிகுந்து காணப்படுவதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்திகள். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது, அதில் எது முந்தியது, எது பிந்தியது, இரத்தத்தில் காணும் ஓர் அளவைக் கொண்டு நோயைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்பனவே இச்சொற்பொழிவின் வினாக்கள்.

உரை முழுவதும் ஒரே கருத்தை நிலைநாட்ட முயல்கிறது. வால்வு நோயில் தோன்றும் தாளக்கேடு, இதய மேலறையின் சுவரில் அழற்சியும் அழுத்தமும் உண்டாக்கும் காயம் ஆறும் வேலை முடிவின்றி நீள்வதால் விளைவது. வளர்ச்சிக் காரணிகள் அந்த வேலையை நடத்தும் தூதுப் பொருள்கள். எனவே அவை செயல்படும் இடம் சுவராக இருக்க, இரத்தத்தில் அளக்கப்படுவது அச்செயலின் கசிவும் வேறு பல ஊற்றுகளின் வரவும் கலந்த ஒன்றாகவே இருக்கும். இக்கருத்து ஆறு பகுதிகளாக இங்கே விரிக்கப்படுகிறது.

1. நோயின் களம்

இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையே உள்ள வாயில் ஈரிதழ் வால்வு ஆகும். மருத்துவமனைகளில் இது மைட்ரல் வால்வு என்றே வழங்குகிறது. நலமுள்ள ஒருவரிடம் இவ்வாயிலின் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கும். சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரால் வரும் தொண்டை அழற்சிக்குப் பின், அந்நுண்ணுயிரை எதிர்க்க எழுந்த நோயெதிர்ப்பு ஆற்றல், நுண்ணுயிரின் புரதத்தை ஒத்த அமைப்புடைய இதயத் திசுவையும் பகையாகக் கருதித் தாக்குவதே ருமாட்டிக் காய்ச்சல். தாக்குதல் திரும்பத் திரும்ப நிகழும்போது வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாயில் சுருங்குகிறது. பரப்பு 1 சதுர சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிட்டால், ஓய்விலிருக்கும் உடலுக்குத் தேவையான இரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளவே மேலறையின் அழுத்தம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர வேண்டியிருக்கிறது. இயல்பு நிலையில் அது பெரும்பாலும் 12-ஐத் தாண்டுவதில்லை.

உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் ருமாட்டிக் இதய நோயுடன் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. செல்வ நாடுகளில் நடுவயதினரின் நோயாக அறியப்பட்ட ஈரிதழ் வால்வுச் சுருக்கம், இந்தியாவில் இருபது வயது நிரம்பாதவர்களையும் கடுமையாகத் தாக்குவதை 1963-இல் எஸ். பி. ராய், வி. ராமலிங்கசுவாமி முதலியோர் லான்செட் இதழில் எடுத்துக்காட்டினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இதய அறுவை மருத்துவர்கள், நெஞ்சைத் திறந்தும் இதயத்தை நிறுத்தாமலே வால்வை விரிக்கும் மூடிய முறை அறுவையைத் தொடர்ந்து 3,724 நோயாளிகளுக்குச் செய்து கண்ட முடிவுகளை 1983-இல் சர்க்குலேஷன் இதழில் வெளியிட்டனர். ஒரே மருத்துவமனையின் இந்த எண்ணிக்கை, நோய் இந்நிலப்பகுதியில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கும் சான்றாகும்.

இங்கே பெரும்பாலும் கவனத்துக்கு வராத ஒரு செய்தி உண்டு. ருமாட்டிக் நோய் வால்வை மட்டும் தாக்கி, மேலறையை விட்டுவைப்பதில்லை. இடது மேலறையின் பின்சுவரில், வால்வின் பின்னிதழுக்குச் சற்று மேலே, உட்பரப்புச் சுருங்கி வரிவரியாகத் தடித்துக் கிடக்கும் ஒரு திட்டை நோய்க்கூற்று மருத்துவர்கள் நன்கறிவர். 1924-இல் அதை விவரித்த மெக்கல்லமின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. ஆகவே மேலறைச் சுவர் இருமுனைத் தாக்குதலுக்கு உள்ளாகிறது: நோயெதிர்ப்பு அழற்சி ஒரு முனை, சுருங்கிய வாயில் தேக்கிவைக்கும் இரத்தத்தின் அழுத்தம் மறுமுனை. வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கத் தூண்டும் ஆற்றல் இவ்விரண்டுக்குமே உண்டு.

2. தாளக்கேடு எனப்படுவது

இயல்பான இதயத்தில் வலது மேலறையின் சைனஸ் முடிச்சில் பிறக்கும் மின்தூண்டல், இரு மேலறைகளிலும் ஒரே அலையாகப் பரவிக் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை நடுக்கத்தில், அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் நிலையில், அந்த ஒற்றை அலை மறைந்து, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான வேகத்தில் சிதறிய அலைகள் மேலறைத் தசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலறை சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்குகிறது. கீழறைக்கு எந்த அலை எப்போது இறங்கும் என்பதற்கு வரையறை இல்லாமல் போகிறது. ஈ.சி.ஜி. படத்தில் மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் ‘பி’ அலை காணாமற்போய், அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான தொலைவு ஒன்றுபோல் ஒன்று இராது. படுக்கையருகே இதைக் கண்டறிய இருவர் போதும்: ஒருவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பை எண்ண, மற்றவர் அதே நிமிடத்தில் மணிக்கட்டில் நாடியை எண்ணினால், மார்பின் எண்ணிக்கை 130 ஆகவும் நாடியின் எண்ணிக்கை 100 ஆகவும் வரக்கூடும். கீழறை நிரம்புவதற்குள் சுருங்கிவிட்ட துடிப்புகள் மணிக்கட்டை எட்டுவதில்லை என்பதையே இந்த நாடிக் குறைவு காட்டுகிறது.

இத்தாளக்கேட்டை அறிந்துகொண்ட வரலாறே வால்வு நோயோடு பிணைந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் பொது மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்கன்சி, ஈரிதழ் வால்வு சுருங்கிய நோயாளிகளின் கழுத்துச் சிரை அலைகளைக் கருவியில் பதிந்துவந்தபோது, துடிப்பின் ஒழுங்கு குலைந்ததும் மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் அலை மறைந்துவிடுவதை 1890களின் இறுதியில் கண்டு, மேலறை செயலிழந்துவிட்டதென்று கருதினார். ஈ.சி.ஜி. முறையை உருவாக்கிய ஐந்தோவன் 1906-இல் இத்தாளக்கேட்டின் ஈ.சி.ஜி. பதிவை வெளியிட, 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸும் வியன்னாவில் ரோத்பெர்கரும் வின்டர்பெர்க்கும் அது மேலறை நடுக்கமே என்று நிறுவினர்.

வால்வுச் சுருக்கம் உடையோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு இத்தாளக்கேடு வந்துசேர்கிறது. அதன் கொடிய விளைவு பக்கவாதம். நடுங்கும் மேலறையில், குறிப்பாக அதன் பக்கப்பையில், தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து மூளைக் குழாயை அடைக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1978-இல் தந்த கணக்கின்படி, பிற காரணங்களால் வரும் மேலறை நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஐந்து மடங்குக்கு மேல் உயர்த்த, ருமாட்டிக் இதய நோயுடன் சேர்ந்த நடுக்கம் அதைப் பதினேழு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது.

3. வளர்ச்சிக் காரணிகள்

ஒரு செல் மற்றொரு செல்லைப் பெருகவோ, இடம்பெயரவோ, வேறு தொழில் ஏற்கவோ பணிக்கும் புரதச் செய்திகளே வளர்ச்சிக் காரணிகள். இத்துறைக்கு அடித்தளமிட்ட ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வுரையின் பொருளுக்கு நெருக்கமானவை மூன்று.

முதலாவது, தட்டணு வழி வளர்ச்சிக் காரணியான பி.டி.ஜி.எஃப். இது கண்டறியப்பட்ட விதம் உரையின் பிற்பகுதிக்கு மிகவும் தேவைப்படுவதால் சற்று விரிவாகக் காணத்தக்கது. இரத்தத்தை உறையவிட்டுப் பிரித்தெடுக்கும் தெளிநீர் சீரம். உறையவிடாமல் செல்களை மட்டும் நீக்கினால் கிடைப்பது பிளாஸ்மா. 1974-இல் ரஸ்ஸல் ராஸும் உடனாய்வாளர்களும், குரங்கின் தமனித் தசைச்செல்கள் சீரத்தில் வேகமாகப் பெருகுவதையும், பிளாஸ்மாவிலிருந்து பெற்ற நீர்மத்தில் அவ்வாறு பெருகாததையும், அந்நீர்மத்தோடு தட்டணுக்களின் சாற்றைச் சேர்த்ததும் பெருக்கம் மீள்வதையும் காட்டினர். இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்முள் சேமித்துவைத்த காரணியை வெளியே கொட்டுகின்றன என்பது இதனால் புலனாயிற்று.

இரண்டாவது, டி.ஜி.எஃப்.-பீட்டா-1. நார்த்திசு உருவாக்கத்தில் இதற்கு நிகரான ஆற்றலுடைய காரணி வேறில்லை எனலாம். 1983-இல் இது தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டதும் மனிதத் தட்டணுக்களிலிருந்தே. இக்காரணி சுரக்கும்போதே செயலாற்றுவதில்லை. மற்றொரு புரதப் பொதியால் பூட்டப்பட்ட நிலையில், செல்களைச் சூழ்ந்த வலையமைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. நொதிகளோ, செல்கள் அவ்வலையைப் பற்றி இழுக்கும் விசையோ பூட்டை அவிழ்த்த பின்னரே அது விடுபட்டு, அண்டைச் செல்லின் ஏற்பியில் அமர்ந்து, ஸ்மாட் எனப்படும் உள்தூதுவர்கள் வழியாகக் கொலாஜன் மரபணுக்களை இயக்குகிறது.

மூன்றாவது, புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்யும் வி.இ.ஜி.எஃப். இயல்பில் குழாய்களற்ற மெல்லிய இதழாக இருக்கும் வால்வில், ருமாட்டிக் நோய்க்குப் பின் நுண்குழாய்கள் ஊடுருவியிருப்பதற்கு இக்குடும்பத்தின் செயலே காரணம். மேலறை நடுக்கம் உடையோரின் இரத்தத்தில் இது மிகுந்திருப்பதையும், குழாய்ச் சுவர்களின் கசிவோடும் இரத்தம் உறையும் போக்கோடும் அதற்குத் தொடர்பு இருப்பதையும் ஆய்வுகள் சுட்டியுள்ளன. இவற்றோடு, எலும்பிலிருந்து சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.-23 இரத்தத்தில் மிகுந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேலறை நடுக்கம் தோன்றும் வாய்ப்பு மிகுதி என்பதை 2014-இல் வெளியான மக்கள்தொகை ஆய்வொன்று காட்டியது. டி.ஜி.எஃப்.-பீட்டா குடும்பத்தைச் சேர்ந்த ஜி.டி.எஃப்.-15, உறைவுத் தடுப்பு மருந்து உண்போரின் இரத்தக்கசிவு ஆபத்தைக் கணிக்கும் ஒரு மதிப்பீட்டு முறையில் 2016 முதல் இடம்பெற்றுள்ளது. எனினும் இவ்விரண்டும் வால்வு நோயை மையமாகக் கொண்ட ஆய்வுகளில் பிறந்த முடிவுகள் அல்ல என்பதால், இங்கே முதன்மை இடம் பெறவில்லை.

4. அழுத்தம் தழும்பாகும் வழி

மேலறைச் சுவர் நெடுங்காலம் இழுபடும்போது, தசைச்செல்களும் அவற்றிடையே உள்ள நாரிழைச் செல்களும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற இயக்குநீரைத் தம் சுற்றுப்புறத்திலேயே உண்டாக்குகின்றன. அது டி.ஜி.எஃப்.-பீட்டா-1 சுரப்பைத் தூண்டுகிறது. அக்காரணி, அமைதியாக இருந்த நாரிழைச் செல்களைச் சுருங்கும் திறன் கொண்ட தழும்புச் செல்களாக மாற்றுகிறது. இப்புதிய செல்கள் கொலாஜனைக் கொட்டுவதோடு, சுற்றியுள்ள வலையமைப்பை இறுகப் பற்றி இழுக்கவும் செய்கின்றன. இழுப்பு மிகுந்தால் பூட்டுண்ட டி.ஜி.எஃப்.-பீட்டா மேலும் விடுபடும். அது விடுபட்டால் வலை மேலும் இறுகும். புறக்காரணம் குறைந்த பின்னும் தழும்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளக் கூடிய சுழற்சி இவ்வாறு அமைந்துவிடுகிறது.

கீழறையைவிட மேலறை ஏன் இதற்கு எளிதில் இலக்காகிறது என்ற வினாவுக்கு விலங்காய்வுகள் விடை தந்துள்ளன. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், எப்போதும் செயல்நிலையில் இருக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா-1 இதயம் முழுவதும் மிகுதியாக உருவாகுமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளில், மேலறையில் மட்டுமே நார்த்திசு பெருகியது. அதே காரணிக்கு ஆட்பட்ட கீழறை ஏறக்குறைய பழுதின்றி இருந்தது. மொன்ரியால் நகரில் ஸ்டான்லி நாட்டெலின் குழுவினர் 2008-இல், மேலறையின் நாரிழைச் செல்கள் பி.டி.ஜி.எஃப். முதலிய தூண்டல்களுக்குக் கீழறையின் செல்களைவிட வேகமாக வினையாற்றுவதைக் காட்டினர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல், அழுத்தம் ஏற்றப்பட்ட எலி இதயத்தில் ஊடுருவும் மாஸ்ட் எனப்படும் அழற்சிச் செல்கள் பி.டி.ஜி.எஃப்.-ஏ வழியாகவே மேலறைத் தழும்பையும் நடுக்கத்தையும் உண்டாக்குகின்றன என்றும், அக்காரணியின் ஏற்பியை மறித்தால் இரண்டும் குறைகின்றன என்றும் நிறுவினர். அழுத்தம், அழற்சிச் செல், வளர்ச்சிக் காரணி, தழும்பு, தாளக்கேடு ஆகிய ஐந்தும் ஒரே ஆய்வில் வரிசையாகக் கோக்கப்பட்டது அதன் சிறப்பு.

5. தழும்பு தாளத்தைக் குலைக்கும் வழி

தசைக்கற்றைகளுக்கு இடையே கொலாஜன் நுழையும்போது, அலை நேராக முன்னேற வழியின்றி வளைந்து, ஓரிடத்தில் தடைப்பட்டு மற்றோரிடத்தில் தாமதித்துச் செல்கிறது. ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் எழுந்த பின் ஒரே ஓட்டமாக வந்த நீர் பல கால்களாகப் பிரிந்து, திட்டுகளைச் சுற்றிச் சுழிப்பது போன்றது இது. சுற்றிவந்த அலை, தான் புறப்பட்ட இடம் மீண்டும் தூண்டலை ஏற்கும் நிலைக்கு வந்திருக்கும் வேளையில் அதை அடைந்துவிட்டால், சுழல் நிலைபெற்றுவிடும்.

இதைக் கணக்கிட்டும் காணலாம். ஒரு சுழலுக்குத் தேவையான குறைந்தபட்ச நீளம், அலையின் வேகத்தையும், தூண்டப்பட்ட தசை மறுதூண்டலை ஏற்காத ஓய்வுக் காலத்தையும் பெருக்கினால் வருவது. வேகம் நொடிக்கு 80 சென்டிமீட்டர், ஓய்வுக் காலம் 0.2 நொடி எனக் கொண்டால் தேவையான நீளம் 16 சென்டிமீட்டர். இயல்பான மேலறையில் அவ்வளவு பெரிய சுழலுக்கு இடம் காண்பது கடினம். தழும்பேறிய பகுதியில் வேகம் 30 சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டால், ஓய்வுக் காலம் 0.24 நொடியாக நீண்டிருந்தாலும், தேவையான நீளம் 7.2 சென்டிமீட்டரே. வால்வுச் சுருக்கத்தால் பெருத்த மேலறையில் அத்தகைய சுழல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே வேளையில் இடம்பெற முடியும்.

ஓய்வுக் காலம் நீண்டிருந்தாலும் என்று மேலே சொன்னதற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அலெஸ்ஸியின் குழுவினர் 1995-இல் வெள்ளாடுகளிடம் செய்த புகழ்பெற்ற ஆய்வில், மேலறை நடுக்கம் நீடிக்க நீடிக்கத் தசையின் ஓய்வுக் காலம் குறுகி, நடுக்கம் மேலும் எளிதில் தொடர்வது தெரியவந்தது. இது மின்வழி மாற்றம். ஈரிதழ் வால்வுச் சுருக்கம் உடைய நோயாளிகளின் மேலறைகளை பாபி ஜான், பிரசாந்தன் சாண்டர்ஸ் முதலியோர் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவோ வேறாக இருந்தது: ஓய்வுக் காலம் குறுகவில்லை, நீண்டிருந்தது; ஆயினும் அலையின் வேகம் குறைந்தும், மின்னழுத்தம் தாழ்ந்தும், நடுக்கத்துக்கு இடந்தரும் நிலை மிகுந்தும் இருந்தன. மின்வழி மாற்றமே முதற்காரணம் எனக் கொண்டால் இம்முடிவை விளக்க இயலாது. மரபணு மாற்றிய எலிகளில் 2004-இல் கண்டதும் இதற்கு அரண் செய்கிறது: தசைச்செல்லின் மின்துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லாத நிலையிலேயே, டி.ஜி.எஃப்.-பீட்டா உண்டாக்கிய தழும்பு மட்டுமே மேலறை நடுக்கத்தை எளிதில் தூண்டத்தக்கதாக்கியது. வால்வு நோயில் தாளத்துக்கு முன் சுவர் கெடுகிறது என்ற இவ்வுரையின் மையக் கருத்து இவ்விரு சான்றுகளின் மேல் நிற்கிறது.

6. இரத்தத்தில் அளக்கப்படுவது எது?

இதுவரை சொன்னவை ஏற்கத்தக்கவையாயின், நோயாளியின் கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் டி.ஜி.எஃப்.-பீட்டா-1 எவ்வளவு என்று பார்த்து, மேலறையில் எவ்வளவு தழும்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணத்துக்கு மூன்று தடைகள் உள்ளன.

அ. தட்டணுவின் குறுக்கீடு. ராஸின் 1974-ஆம் ஆண்டு ஆய்வு சொல்லும் பாடம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. உறைவுத் தடுப்பான் இல்லாத குழாயில் இரத்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டால், அது உறையும் நேரத்தில் தட்டணுக்கள் தம் சேமிப்பைக் கொட்டி, அளவைப் பன்மடங்காக உயர்த்திவிடும். உறைவுத் தடுப்பான் உள்ள குழாயில் எடுத்தாலும், ஊசி குத்தும்போது சிரையில் தடுமாறியதும், குழாயைக் குலுக்கியதும், பனிக்கட்டியில் வைக்கத் தவறியதும், மையவிலக்குக் கருவியில் குறைந்த வேகத்தில் சுழற்றித் தட்டணுக்களை முற்றிலும் நீக்காமல் விட்டதும் அளவைக் கூட்டும். ஆகவே சீரத்தில் அளந்த ஓர் ஆய்வின் எண்ணையும் பிளாஸ்மாவில் அளந்த மற்றோர் ஆய்வின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். இத்துறையின் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு நோயின் வேறுபாட்டைவிட இரத்தம் எடுத்த முறையின் வேறுபாடே காரணமாக இருக்கும் இடங்கள் உண்டு.

ஆ. திசையின் குழப்பம். வால்வு சுருங்கி மேலறை நடுங்கும்போது இரத்தம் தேங்குகிறது. எக்கோ படத்தில் புகை சுழல்வதுபோல் அத்தேக்கம் தெரிவதுண்டு. தேக்கத்தில் தட்டணுக்கள் கிளர்ந்து காரணிகளை வெளியிடுகின்றன. அவ்வாறாயின் இரத்தத்தில் மிகுந்த காரணி, தாளக்கேட்டை உண்டாக்கியதாகவும் இருக்கலாம். தாளக்கேட்டால் உண்டானதாகவும் இருக்கலாம். ஒரே நாளில் ஒரே முறை எடுத்த இரத்தத்தைக் கொண்டு, நடுக்கம் உடையோரையும் இல்லாதோரையும் ஒப்பிடும் ஆய்வு எவ்வளவு பெரியதாக இருப்பினும், இவ்விரண்டில் எது உண்மை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இ. செயல்நிலையின் மறைவு. பெரும்பாலான அளவை முறைகளில், பூட்டுண்ட டி.ஜி.எஃப்.-பீட்டாவை அமிலத்தால் அவிழ்த்த பிறகே மொத்த அளவு காணப்படுகிறது. சுவரிலோ, எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு அவிழ்ந்திருக்கிறது என்பதே தழும்பை முடிவு செய்கிறது. கூடவே, கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய்களும் இக்காரணியை இரத்தத்தில் கலக்கச் செய்யும். வால்வு நோய் முற்றியவரிடம் இவ்வுறுப்புகளும் நலமாக இருப்பதில்லை.

இத்தடைகளைக் கடக்கும் வழியும் வால்வு நோய்ச் சிகிச்சைக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானின் கான்ஜி இனௌவே 1984-இல் அறிமுகப்படுத்திய பலூன் முறையில், தொடைச் சிரை வழியாகச் செலுத்தப்படும் குழாய் வலது மேலறையை அடைந்து, இடைச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குள் நுழைகிறது. அதே அமர்வில் இடது மேலறையிலும் தொடைச் சிரையிலும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டால், காரணி இதயத்தில் கூடுகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பதற்குக் குறிப்புக் கிடைக்கும். ஆனால் உறைவுத் தடுப்புக்கான ஹெப்பாரின் குழாய்ச் சுவரில் ஒட்டியுள்ள சில காரணிகளை விடுவிக்கக் கூடியதாகையால், அதைச் செலுத்தும் நேரத்தையும் இரத்தம் எடுக்கும் நேரத்தையும் இரு மாதிரிகளுக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். பலூன் விரிந்து அழுத்தம் இறங்கிய பின்னரும், ஆறு மாதம் கழித்தும் மீண்டும் அளந்தால், திசையின் குழப்பமும் தீரும். வால்வு மாற்று அறுவைக்கு வருவோரிடம் வெட்டியெடுக்கப்படும் மேலறைப் பக்கப்பையின் திசுவையும், அதே நாளில் எடுத்த இரத்தத்தையும் அருகருகே வைத்து ஆராய்வது இன்னொரு வழி. இத்தகைய நோயாளிகள் மிகுதியாக வரும் தமிழக மருத்துவமனைகளுக்கு இவ்வாய்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

சிகிச்சைக்கு இதன் பொருள்

இம்மூன்று தடைகளோடு மையக் கருத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, சிகிச்சையின் வரிசை தெளிவாகிறது. வளர்ச்சிக் காரணியை மருந்தால் மறிப்பது முதலில் மனத்துக்குத் தோன்றும் வழி. பிர்ஃபெனிடோன் என்ற தழும்புத் தடுப்பு மருந்து, இதயம் தளர்ந்த நாய்களில் மேலறைத் தழும்பையும் நடுக்கத்தையும் குறைப்பது 2006-இல் காட்டப்பட்டது. ஆனால் டி.ஜி.எஃப்.-பீட்டா-1 அறவே இல்லாமல் பிறந்த எலிகள், பல உறுப்புகளிலும் பரவும் அழற்சியால் சில வாரங்களிலேயே இறந்துவிடுகின்றன. உடலின் நோயெதிர்ப்பை அடக்கிவைப்பதும் இதே காரணிதான். ஆஞ்சியோடென்சினை மறிக்கும் வால்சார்டன் மருந்தை 1,442 பேரிடம் சோதித்து 2009-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், மேலறை நடுக்கம் மீண்டும் வருவது குறையவில்லை. அது வால்வு நோயாளிகளை மையமாகக் கொண்டதன்று எனினும், தழும்பு நிலைபெற்ற பின் தூதுவரைத் தடுப்பதால் பயன் சிறிதே என்ற பாடத்தைத் தருகிறது.

அழுத்தத்தையே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு விடை இதைவிட நம்பிக்கை தருகிறது. மேற்சொன்ன ஜான், சாண்டர்ஸ் குழுவினர் 2010-இல், வால்வை விரித்த உடனே மேலறையில் அலையின் வேகம் கூடுவதையும், மாதங்கள் கழித்து அம்முன்னேற்றம் மேலும் வளர்ந்திருப்பதையும் கண்டனர். சுவரின் கேட்டில் ஒரு பகுதி மீளக்கூடியது என்பதே இதன் பொருள். மீளாத பகுதியும் உண்டு: ஈரிதழ் வால்வு அறுவைக்கு வந்த, நடுக்கம் நிலைத்துவிட்ட 260 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், வால்வை மட்டும் சீர்செய்தவர்களில் 29.4 விழுக்காட்டினருக்கே ஓராண்டு அளவில் தாளக்கேடு நீங்கியிருந்தது. அலைகளின் வழியை மறிக்கும் அறுவையும் சேர்த்துச் செய்தவர்களில் அது 63.2 விழுக்காடாக இருந்தது. வால்வைச் சீர்செய்யத் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மீளக்கூடிய பகுதியிலிருந்து மீளாத பகுதிக்குத் திசுவை நகர்த்துகிறது.

நடுக்கம் வந்துவிட்டவருக்கு உறைவுத் தடுப்பு மருந்தே உயிர்க்காப்பு. 24 நாடுகளில் ருமாட்டிக் இதய நோயும் மேலறை நடுக்கமும் உடைய 4,531 பேரின் முடிவுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய மருந்தான ரிவரோக்சபானைவிட, வார்ஃபரின் வகையைச் சேர்ந்த பழைய வைட்டமின்-கே எதிர்ப்பு மருந்துகள் பெற்றவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. மாதந்தோறும், இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வர வேண்டிய தொல்லை உண்டென்றாலும், வால்வுச் சுருக்கம் உடையவர் புதிய மருந்தைத் தாமாக நாடுவது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது தடுப்பு. உகாண்டாவில் எக்கோ பரிசோதனையால் மட்டுமே கண்டறியத்தக்க தொடக்கநிலை ருமாட்டிக் இதய நோய் உடைய 818 சிறார்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டுகளில் நோய் முற்றியது. ருமாட்டிக் காய்ச்சலையும் இதய நோயையும் தடுப்பதற்கான தீர்மானத்தை உலக சுகாதாரப் பேரவை 2018-இல் நிறைவேற்றியதும் இத்தகைய எளிய மருத்துவத்தின் வலிமையை உணர்ந்தே. ஊசி போடப்பட்ட சிறுமியின் இரத்தத்தில் எந்த வளர்ச்சிக் காரணியையும் யாரும் அளக்கப் போவதில்லை. ஆனால் பிற்காலத்தில் அவளுடைய மேலறைச் சுவரில் நிகழவிருந்த செயல்தொடர் முழுவதற்கும் அந்த ஊசி முன்கூட்டியே தடையிட்டுவிடுகிறது.

ஆகவே இத்துறையில் இறங்கும் ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வேட்டில் ஓர் எண்ணை எழுதுமுன் நான்கு செய்திகளை உடன் எழுதுவது கடமை: இரத்தம் எந்தக் குழாயில் எடுக்கப்பட்டது, உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, நோயின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது, வால்வின் அழுத்தம் அப்போது எவ்வளவு. இந்நான்கும் உடனிருந்தால் வளர்ச்சிக் காரணியின் அளவு, பலூன் சிகிச்சையை யாருக்கு முந்திச் செய்ய வேண்டும் என்று மருத்துவர் முடிவெடுக்க உதவும் கருவியாக வளரக்கூடும். இவை இல்லாத எண்ணைக் கொண்டு எந்த நோயாளிக்கும் எந்த முடிவும் எடுக்க இயலாது.